மொழிவழி சார்ட்டர் பள்ளி: நன்கொடை கட்டாயமா, கணக்கு யாரிடம் கேட்பது?

கேள்வி: கலிஃபோர்னியாவில் சான் ஹோசேயில் இருக்கிறோம். சீன மொழியான மாண்டரின் வழியில் கற்பிக்கும் ஒரு சார்ட்டர் பள்ளியில் மகளுக்குக் குலுக்கலில் இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் இல்லை என்றார்கள். இப்போது பிள்ளைக்கு இவ்வளவு என்று ஆண்டு நன்கொடை கேட்டு மின்னஞ்சல் வருகிறது. கட்டியே ஆக வேண்டுமா? அரசுப் பணம் வாங்கும் இந்தப் பள்ளிகளை யார் கேள்வி கேட்கிறார்கள்?

பதில்: கட்ட வேண்டியதில்லை. 'சார்ட்டர்' என்ற அனுமதி பெற்று இந்தப் பள்ளியை நடத்துவது தனி நிர்வாகக் குழு என்றாலும் அது அரசுப் பணத்தில் நடக்கும் பொதுப் பள்ளிதான். பாடத்துக்கோ பாடம் சார்ந்த செயல்பாட்டுக்கோ பணம் வசூலிக்கக் கூடாது என்ற சட்டம் 2013 முதல் அதற்கும் பொருந்தும். விரும்பிக் கொடுக்கும் நன்கொடைக்குத் தடை இல்லை. ஆனால் நன்கொடை தரவில்லை, பள்ளியில் வந்து இத்தனை மணிநேரம் உழைக்கவில்லை என்று சொல்லிக் குழந்தையின் இடத்தைப் பறிக்க முடியாது. யாராவது அப்படி அழுத்தம் கொடுத்தால் மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள். ஆதாரம் இருந்தால் பெயர் சொல்லாமலே கொடுக்கலாம்.

அவர்கள் ஏன் கேட்கிறார்கள்? மாநிலப் பணம் மாணவர்களின் சராசரி தினசரி வருகையைப் பார்த்துத்தான் வருகிறது. வாடகைக் கட்டடத்தில் நடக்கும் சிறிய பள்ளிக்கு அது இறுக்கமான வரவு. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகளுக்கும் அடிப்படைத் தொகையில் 20 சதவீதம் கூடுதலாகப் பள்ளிக்குக் கிடைக்கும். வீட்டில் தமிழ் பேசுவதாகச் சேர்க்கைப் படிவத்தில் எழுதினால் உங்கள் மகளுக்கும் ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். அதில் தேறாவிட்டால் அவளும் இந்தக் கணக்கில் வருவாள். சில பெற்றோர் இதற்குப் பயந்து தமிழை மறைத்து எழுதுகிறார்கள். தேவையே இல்லை.

சரி, கணக்கு? அனுமதி கொடுத்த பள்ளி மாவட்டமோ கவுன்ட்டி கல்வி வாரியமோதான் மேற்பார்வை செய்ய வேண்டும். அதற்காகப் பள்ளியின் வருவாயில் பொதுவாக 1 சதவீதம் வரை அது எடுத்துக்கொள்ளலாம். வெளித் தணிக்கையாளரின் அறிக்கை ஆண்டுதோறும் டிசம்பர் 15க்குள் போய்ச் சேர வேண்டும். 2020 முதல் நிர்வாகக் குழுவின் கூட்டங்களும் பொதுமக்களுக்குத் திறந்தவை. வழக்கமான கூட்டம் என்றால் நிகழ்ச்சி நிரலை 72 மணிநேரம் முன்பே வெளியிட வேண்டும். ஆவணம் கேட்டு எழுதினால் தர முடியுமா என்று பொதுவாக 10 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். நன்கொடை கொடுக்க மனம் இருந்தாலும் தணிக்கை அறிக்கையை முதலில் வாங்கிப் பாருங்கள்.

பணத்துக்கு இத்தனை காவல் உண்டு. மொழிக்கு இல்லை, என் கவலை அங்கேதான். மூன்றாம் வகுப்பிலிருந்து மாநிலம் வைக்கும் தேர்வுகள் ஆங்கிலத்திலும் கணிதத்திலும், சில வகுப்புகளில் அறிவியலிலும்தான். அனுமதியைப் புதுப்பிக்கும்போதும் முக்கியமாக எடைபோடப்படுபவை ஆங்கிலமும் கணிதமுமே. ஐந்து ஆண்டு படித்தும் ஒரு பிள்ளைக்குச் சீன மொழியில் ஒரு பத்தி வாசிக்க வரவில்லை என்றால் அது மாநிலத்தின் எந்தப் பட்டியலிலும் ஏறாது. ஆங்கில மதிப்பெண் நன்றாக இருந்தால் பள்ளி நல்ல பெயரோடு தொடரும்.

அதனால் பள்ளியின் அனுமதி மனுவை, பெட்டிஷன் என்பார்களே, அதைக் கேட்டு வாங்குங்கள். அது பொது ஆவணம். மாணவர் எதை எட்ட வேண்டும், அதை எப்படி அளப்பார்கள் என்று எழுதியே ஆக வேண்டிய பகுதிகள் அதில் உண்டு. அங்கே மாண்டரினுக்கு வகுப்புவாரியாக ஒரு நிலை, வெளியார் நடத்தும் ஒரு தேர்வு, இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். 'மொழியிலும் பண்பாட்டிலும் ஆர்வம் வளரும்' என்று மட்டும் இருந்தால் பள்ளியை எதை வைத்தும் கேட்க முடியாது.

தேர்வு முடிவுகளைக் காட்டினால் சராசரியோடு நின்றுவிடாதீர்கள். வீட்டில் மாண்டரின் பேசும் பிள்ளைகள் சராசரியைத் தூக்கிவிடுவார்கள். வீட்டில் அந்த மொழி இல்லாத பிள்ளைகள் மூன்றாம், ஐந்தாம் வகுப்பில் எங்கே நிற்கிறார்கள் என்று தனியாகக் கேளுங்கள். உங்கள் மகள் அந்தக் கூட்டத்தில்தான் இருப்பாள்.

அப்புறம், பள்ளியின் அனுமதி எந்த ஆண்டு முடிகிறது என்பதையும் கேட்டு வையுங்கள். பெரும்பாலும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். அதற்கான பொது விசாரணையில் பெற்றோர் பேசலாம். மொழிக்கு அளக்கக்கூடிய இலக்கை மனுவில் சேர்க்கச் சொல்லிக் கேட்க அதுவே சரியான இடம். ஆனால் மனுவை எழுதும் மாதங்களிலேயே நிர்வாகக் குழுவிடம் பேச்சைத் தொடங்கிவிடுங்கள், விசாரணை நாளில் மட்டும் எழுந்து பேசினால் திருத்த அவகாசம் இருக்காது.