சுங்கம் கட்டுவது யார்?

கேள்வி: பழைய தினசரி மார்க்கெட்டுகளைப் புதுப்பிக்க ஊர்மக்கள் கட்டும் சொத்து வரியில் கை வைப்பது என்ன நியாயம்? அங்கே வசூலாகும் சுங்கமே போதாதா? நான் மார்க்கெட் பக்கம் போயே பல வருஷமாச்சு.
- ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: சுங்கம் என்றால் கோவைக்காரர்களுக்குத் திருச்சி ரோட்டில் ஒரு ஸ்டாப்பிங். சாவடி போய்விட்டது, பெயர் நிற்கிறது. முதலாம் குலோத்துங்கனுக்கோ 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே பட்டம். ஒரு வரியை எடுத்ததற்காக ஓர் அரசனை 900 வருஷம் கழித்தும் ஊர் நினைக்கிறது என்றால், அந்த வரி எத்தனை பேர் மடியைக் கடித்திருக்கும்!

இன்றைக்கு மார்க்கெட்டில் காய் விற்க உட்காருவதற்கு அந்தச் சுங்கத்தைக் கட்டுவது யார் என்று ஒரு நாள் விடிகாலையில் போய்ப் பாருங்கள். காட்டில் அறுத்த அரசாணிக்காயை, அதாவது பரங்கிக்காயை, சாக்கில் கட்டி முதல் பஸ்ஸில் வந்திறங்கிய அம்மா, இப்போதுதான் சாக்கை விரித்துக் காயை அடுக்கியிருப்பார். இன்னும் போணி ஆகவில்லை. அதற்குள் சுங்கம் வசூலிக்க நகராட்சியிடம் குத்தகை எடுத்தவரின் ஆள் சீட்டுக்கட்டோடு வந்து நிற்பார். "வித்துட்டுத் தர்றனே கண்ணு" என்றால் கேட்க மாட்டார். முந்தானை முடிச்சை அவிழ்த்துத்தான் ஆக வேண்டும். தலைச்சுமைக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு என்று கட்டணப் பலகையை வாசலிலேயே பெரிய எழுத்தில் மாட்டுங்கள் என்று இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை எழுதிவிட்டேன்! இன்னும் எழுதுவேன்.

சுங்கத்திலேயே கூரையை மாற்று என்றால், அந்தம்மாவிடம் இன்னும் கொஞ்சம் பிடுங்கு என்று அர்த்தம். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். நீங்கள் போகாவிட்டாலும், உங்கள் தெருக் கடையில் தக்காளி விலையை ஒரு கட்டுக்குள் வைத்திருப்பது அந்த மார்க்கெட்தான். ஊர்ச் சொத்தை ஊர்ப்பணத்தில்தான் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் பைக் பிளேஸ் மார்க்கெட் 1907-ல் தொடங்கியது. விவசாயிகள் இடைத்தரகர் இல்லாமல் நேரே விற்க வந்த இடம். அதைச் செப்பனிட 2008-ல் ஊர்மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். 7.3 கோடி டாலர், 6 வருஷம், சொத்து வரியோடு சேர்த்து. மக்கள் சரி என்றார்கள். எதற்கு, எவ்வளவு, எத்தனை வருஷம் என்று முதலிலேயே சொல்லிக் கேட்டதுதான் அதில் எனக்குப் பிடித்தது.

நம் ஊரில் 2022-ல் சொத்து வரியை ஏற்றினார்கள். சென்னை தவிர்த்த ஊர்களில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,800-க்கு மேல் போனால் 100 சதவீதம். கட்டிவிட்டோம். அதில் மார்க்கெட்டுக்கு எத்தனை ரூபாய் என்று யாராவது உங்களிடம் சொன்னார்களா? நீங்கள் கோபப்பட வேண்டியது அதற்குத்தான்.

அப்புறம், மாடி. மாடி கட்டினால்தான் வாடகை கட்டுபடியாகும் என்று முன்பொரு பொறியாளர் இந்தப் பக்கத்துக்கு எழுதினார். அன்றைக்கும் மறுத்தேன், இன்றைக்கும் மறுக்கிறேன். அரசாணிக்காய் மூட்டையைத் தலையில் வைத்து எந்தப் பொம்பளை படியேறுவார்? ஏறினாலும், கீரைக்கட்டு வாங்க யார் மேலே வருவார்? மாடியில் ஷட்டர் பூட்டிக் கிடக்கும், வியாபாரம் ரோட்டோரம் வெயிலில் நடக்கும். பழைய மார்க்கெட் என்றால் உயரமான ஓட்டுக் கூரை, சூடு மேலே போகும் சந்து, தண்ணீர் ஓடக் கல் பாவிய சாக்கடை. அந்த மூன்றையும் சரிபண்ணினாலே பாதி வேலை முடிந்தது.

நகராட்சியிடம் நான் கேட்பது இதுதான். ஓட்டைப் பிரிப்பதற்கு முந்தின நாள், சாக்கு விரித்து உட்காரும் ஒவ்வொருவர் இடத்தையும் சுண்ணாம்புக் கோடு போட்டு அளந்து, நம்பர் போட்ட சீட்டை அவர் கையில் கொடுங்கள். வேலை முடிந்ததும் அதே தரையில், அதே சுங்கத்தில் உட்கார வையுங்கள். என் வீட்டு வரியில் கூடக் கேட்டாலும் தருகிறேன்.