பள்ளிக்கூட டப்பாவுக்கு கிரனோலா பார்: வாங்குவதா, வீட்டில் போடுவதா?

கேள்வி: ஏனுங்க, எங்க வீட்ல ரெண்டு பசங்க. கடையில கிரனோலா பார் ஒன்னு 50 ரூபாய். பள்ளிக்கூடம் இருக்கற நாளெல்லாம் ஆளுக்கொன்னு குடுத்தா மாசம் 2,000 ரூபாய் போயிருது. வீட்டிலயே போட்டா கட்டுப்படியாகுங்களா? (பெருந்துறை வாசகி)

பதில்: தாராளமாகக் கட்டுப்படியாகும். பெயர்தான் புதிது, பண்டம் நம் கடலை மிட்டாய்க்குப் பங்காளி. வறுத்த தானியமும் பருப்பும் விதையும் சேர்த்து, ஒரு பாகால் பிடித்து வைப்பதுதான் வேலை.

16 பாருக்கு அளவு: மெல்லிசு அவல் 150 கிராம், நிலக்கடலை 100, பொட்டுக்கடலை 50, எள் 40, கொப்பரைத் துருவல் 20, பாகு வெல்லம் 180, நெய் ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. கணக்குக்கு, கிலோ அவல் 80, கடலை 160, பொட்டுக்கடலை 120, எள் 250, கொப்பரை 300, வெல்லம் 70, நெய் 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு மட்டும் 73 ரூபாய். கேஸுக்கு 5 ரூபாய் சேர்த்தாலும் ஒரு பார் 5 ரூபாய்க்குள் அடங்கிவிடும். உங்கள் ஊர் மளிகைக்கடை விலையைப் போட்டுப் பாருங்கள், பெரிதாக மாறாது. ஆனால் கடலைக்குப் பதில் பாதாம், அவலுக்குப் பதில் பாக்கெட் ஓட்ஸ் என்று போனால் செலவு இரட்டிப்பாகும். சத்தில் அந்த அளவு ஏற்றம் கிடைக்காது.

செய்முறை. அவலைச் சிறு தீயில் எண்ணெய் இல்லாமல் 6 முதல் 8 நிமிடம், விரலில் நசுக்கினால் நொறுங்கும்வரை வறுக்கவும். கெட்டி அவல் வேண்டாம், வறுத்தாலும் பல்லில் கல் மாதிரி தட்டுப்படும். கடலையைத் தனியாக வறுத்து, தோல் புடைத்து, ஒன்றிரண்டாக உடைக்கவும். எள் படபடவென்று பொரிந்ததும் இறக்கிவிட வேண்டும், ஒரு நிமிடம் தாமதித்தால் கசக்கும். உடைத்த கடலையில் கால் பங்கையும் பொட்டுக்கடலை முழுவதையும் மிக்சியில் கொரகொரப்பாகத் திரித்துக்கொள்ளவும். இந்தப் பொடி பெரிய துண்டுகளுக்கு இடையிலுள்ள சந்துகளை அடைத்துப் பிடிமானம் கொடுக்கும். பலர் விட்டுவிடுவது இதைத்தான், பார் உதிர்வதும் இதனால்தான்.

வெல்லத்தை 60 மில்லி தண்ணீரில் கரைத்து, வடிகட்டி மண்ணை நீக்கி, அடி கனமான வடைச்சட்டியில் கொதிக்க விடவும். நுரை கட்டி வரும்போது ஒரு சொட்டு எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் விடுங்கள். விரலால் சேர்த்தால் மெத்தென்று உருண்டையாகத் திரண்டு, அழுத்தினால் நசுங்க வேண்டும். அதுதான் பாருக்குப் பதம். தெர்மாமீட்டர் இருந்தால் 115 முதல் 118 டிகிரி செல்சியஸ். அடுப்பை அணைத்து, நெய்யும் உப்பும் போட்டு, வறுத்த சாமான்களை வெதுவெதுப்பாக இருக்கும்போதே, திரித்த பொடியோடும் கொப்பரைத் துருவலோடும் கொட்டிக் கிளறவும். ஆறிய சாமானைக் கொட்டினால் எல்லாவற்றிலும் படுவதற்கு முன்பே பாகு இறுகிவிடும்.

20 சென்டிமீட்டர் சதுரத் தட்டத்தில் பட்டர் பேப்பர் விரித்துக் கொட்டி, அடியில் நெய் தடவிய டம்ளரால் மூலை மூலையாக அழுத்தவும். லேசாகத் தட்டினால் போதாது, உடம்பின் கனத்தைக் கொடுத்து அழுத்த வேண்டும். 10 நிமிடம் கழித்து, சூடு ஆறும் முன்பே, ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் எட்டு என்று கோடு போட்டு வெட்டுங்கள். முழுக்க ஆறியபின் வெட்டினால் கோட்டில் உடையாது, தன் இஷ்டத்துக்கு உடையும்.

கேள்வி: ஒரு தடவை கல்லு மாதிரி ஆயிருச்சு, அடுத்த தடவை பொலபொலன்னு உதிர்ந்து போச்சு. ஒரே வீடு, ஒரே அளவு. எங்கே தப்பு? (கோபி வாசகி)

பதில்: முதல் தடவை பாகு முற்றிவிட்டது. தண்ணீரில் விட்ட சொட்டு ‘டக்’கென்று ஒடியும் பதம் கடலை மிட்டாய்க்கு. அதில் பார் போட்டால் குழந்தைக்குக் கடிக்கவே முடியாது. இரண்டாம் தடவை ஒன்று பாகு இளம்பதத்தில் இறங்கியிருக்கும், இல்லையென்றால் அழுத்தம் போதவில்லை. கையிருப்பில் இருக்கிறதே என்று கூடுதலாகக் கொட்டிய ஒரு பிடி முந்திரியும் காரணமாகலாம். வறுத்த சாமான் இரண்டு பங்கு, வெல்லம் ஒரு பங்கு, இந்த விகிதம் தாண்டக்கூடாது.

வெல்லமும் காரணமாகலாம். பழைய, ஈரம் கோத்த வெல்லம் எவ்வளவு காய்ச்சினாலும் பதத்துக்கு வராது. கடையில் ‘பாகு வெல்லம்’ என்றே கேட்டு வாங்குங்கள். நாட்டுச்சர்க்கரையில் செய்தால் ஆறியபின் மணல் மணலாகப் பூத்துப்போவது உண்டு. கொதிக்கும்போது அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டால் பூக்காது. அதற்கு மேல் விட்டால் பார் இறுகாமல் இளகியே கிடக்கும்.

உதிர்ந்ததைக் கொட்டிவிட வேண்டாம். காலையில் பாலிலோ தயிரிலோ போட்டுக் கொடுங்கள். கடையில் ‘கிரனோலா’ என்று தனி டப்பாவில் விற்பது அதைத்தான்!

கேள்வி: மஞ்சளா, பளிச்சுன்னு இருக்கற வெல்லம் வாங்கறதா, கருப்பா இருக்கறதா? நேரா சித்தோடு சந்தைக்கே போயிரலாமா? (பவானி வாசகர்)

பதில்: கருத்ததையே எடுங்கள். வெளிர் நிறத்துக்காக ‘ஹைட்ரோஸ்’ எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட் போடுவது உண்டு. நிறம் ஒன்றே தீர்ப்பு ஆகாது, அஸ்கா (வெள்ளைச் சர்க்கரை) கலந்து காய்ச்சிய வெல்லமும் உண்டு. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு துண்டைக் கரைத்து வையுங்கள், சுண்ணாம்புத்தூள் கலந்திருந்தால் வெள்ளையாக அடியில் தங்கும்.

சித்தோட்டில் வெல்லமும் கவுந்தப்பாடி ஏலத்தில் நாட்டுச்சர்க்கரையும் மூட்டை, சிப்பம் கணக்கில் கைமாறுபவை. மாதம் இரண்டு தட்டம் பார் போடும் வீட்டுக்கு அரைக்கிலோ வெல்லம் போதும். பெட்ரோல் செலவுதான் மிச்சம்.

கேள்வி: கடை பார் கவர்ல ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ன்னு போட்டிருக்கு. நம்பலாமா? வீட்டு பார்ல வெல்லம்தானே, எத்தனை குடுத்தாலும் ஒன்னும் இல்லையே? (பல்லடம் வாசகி)

பதில்: முதலில் கவர். முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்பது விதி. முதல் மூன்று பெயருக்குள் குளுகோஸ் சிரப், இன்வர்ட் சிரப், தேன், வெல்லம் இவற்றில் ஒன்று வந்தால் அது மிட்டாய் வகைதான். அடுத்து, ஊட்டச்சத்து அட்டவணையில் ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை’ என்ற வரி. 100 கிராமுக்கு 30 என்று இருந்து பார் 40 கிராம் எடை என்றால், ஒரு பாரில் 12 கிராம், கிட்டத்தட்ட 3 டீஸ்பூன் அஸ்கா. விலையையும் இப்படியே பாருங்கள். 40 கிராம் 50 ரூபாய் என்றால் கிலோ 1,250 ரூபாய். வீட்டு பார் கிலோ 140 ரூபாய்தான் வருகிறது.

இனி அதே தராசில் நம் பாரையும் வைப்போம். 180 கிராம் வெல்லத்தை 16-ஆகப் பிரித்தால் ஒன்றில் 11 கிராம். கடை பாருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை! வெல்லமும் உடம்புக்குச் சர்க்கரைதான், அதிலுள்ள இரும்புச்சத்தை நம்பி அள்ளிக் கொடுக்க முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் இத்தகைய சர்க்கரை ஒரு நாள் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 1,500 கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு அது 37 கிராம். பாலில் போடும் சர்க்கரை, பிஸ்கட், ஜூஸ் எல்லாம் அதற்குள்தான். ஒரு நாளைக்கு ஒரு பார் போதும், ஐந்து வயதுக்குப் பாதி. புரதமும் ஒரு பாரில் 3 கிராம் அளவில்தான் வரும். நாமக்கல் முட்டை ஒன்றில் 6 கிராம் இருக்கிறது, முட்டையின் இடத்தில் பாரை வைக்காதீர்கள்.

வெல்லத்தைக் குறைக்க வழி உண்டு. வெல்லம் 80 கிராம் மட்டும் எடுத்து, கொட்டை நீக்கிய பேரீச்சை 120 கிராமை வெந்நீர் தெளித்து அரைத்துச் சேர்த்து, சட்டியில் ஒட்டாமல் சுருளும்வரை கிளறவும். பேரீச்சையிலும் இனிப்பு உண்டு, ஆனால் நாரோடு வருகிறது. இந்த பார் மொறுமொறுப்பாக இருக்காது, மெதுவாக இருக்கும். ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

கேள்வி: சின்னவனுக்கு ரெண்டு வயசு. அவனுக்கும் குடுக்கலாமா? (காங்கேயம் வாசகி)

பதில்: பாராக வேண்டாம். ஐந்து வயதுக்குள் முழுக்கடலையும் உடைத்த கடலையும் தொண்டையில் அடைக்கும் ஆபத்து உண்டு. எல்லாவற்றையும் மாவாகத் திரித்து, பேரீச்சை விழுதில் சிறு உருண்டையாகப் பிடித்து, உட்கார வைத்துப் பக்கத்தில் இருந்து கொடுங்கள். கடலையும் எள்ளும் ஒவ்வாமை தரக்கூடியவை. முதல் தடவை கடுகளவு கொடுத்துப் பாருங்கள், உதடு வீங்கினாலோ மூச்சு இளைத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேள்வி: எத்தனை நாள் வெச்சிருக்கலாம்? போன மழைக்கு நாலே நாள்ல பிசுபிசுன்னு ஆயிருச்சு. (பொள்ளாச்சி வாசகர்)

பதில்: வெல்லம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் சுற்றி எவர்சில்வர் டப்பாவில் இறுக மூடினால் வெயில் காலத்தில் இரண்டு வாரம் நிற்கும். மழைக்காலத்தில் பாதி அளவு போட்டு ஒரு வாரத்தில் தீர்ப்பதே மேல். பிசுபிசுத்தாலும் கெட்டுவிடவில்லை. சிக்கு வாடை அடித்தால்தான் கடலையின் எண்ணெய் கெட்டிருக்கிறது, அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். வாங்கும்போதே சுருங்கிய, நிறம் மாறிய, பூசணம் பிடித்த கடலையைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அதிலுள்ள பூஞ்சை நஞ்சு வறுத்தாலும் முழுக்கப் போகாது.