பஸ்ஸில் குமட்டல் வருகிறவர் ரோலர் கோஸ்டரில் ஏறலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. சின்ன வயதிலிருந்தே பஸ், கார் எதில் போனாலும் வயிற்றைப் புரட்டும். வளைந்து வளைந்து போகும் மலைப்பாதை என்றால் வாந்தி நிச்சயம். மாதத்தில் ஒன்றிரண்டு முறை ஒற்றைத் தலைவலியும் வரும். இன்னும் மூன்று வாரத்தில் அலுவலகத் தோழிகளோடு தீம் பார்க் போகிறேன். தலைகீழாகச் சுற்றிவரும் பெரிய ரோலர் கோஸ்டரில் ஒரு முறையாவது ஏற ஆசை. எல்லோர் முன்னாலும் வாந்தி எடுத்துவிடுவேனோ என்ற பயமும் இருக்கிறது. ஏறலாமா? மாத்திரை போட்டுக்கொண்டால் போதுமா?

மருத்துவர் பதில்:

பின்னால் சொல்லப்போகும் தடைகள் எதுவும் உங்களுக்கு இல்லையென்றால் தாராளமாக ஏறலாம். நீங்கள் பயப்பட வேண்டியது அந்தப் பெரிய ரோலர் கோஸ்டருக்கு அல்ல. அதன் பக்கத்தில் சாதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும் கோப்பை ராட்டினத்துக்கும், இருட்டு அறையில் திரையைப் பார்த்தபடி நாற்காலி ஆடும் சிமுலேட்டருக்கும்தான் பயப்பட வேண்டும். பார்ப்பதற்கு எவ்வளவு பயங்கரமாக இருக்கிறது என்பதை வைத்து ராட்டினத்தைத் தேர்ந்தெடுத்தால் உங்களைப் போன்றவர்கள் ஏமாந்துபோவார்கள். அது எப்படி அசைகிறது, எவ்வளவு நேரம் அசைகிறது என்ற இரண்டையும் பாருங்கள்.

காரணம் உள்காதில் இருக்கிறது. ஒவ்வொரு காதிலும் மூன்று அரைவட்டக் குழாய்கள், ஒன்றுக்கொன்று செங்குத்தாக, திரவம் நிரம்பி இருக்கின்றன. தலை திரும்புவதை மூளைக்குச் சொல்பவை இவை. ஒரு செம்பில் தண்ணீர் ஊற்றிச் சுழற்றினால் முதலில் செம்பு மட்டும் சுழலும், சற்று நேரம் கழித்துத்தான் தண்ணீரும் சேர்ந்து சுழலும், செம்பை நிறுத்தினாலும் தண்ணீர் நிற்காது. குழாய்க்குள் நடப்பதும் இதுதான். ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால் ஏறத்தாழ 20 நொடிக்குள் காது ‘சுற்றவில்லை’ என்று சொல்ல ஆரம்பித்துவிடும், கண்ணோ ‘சுற்றுகிறது’ என்று சொல்லும். ராட்டினம் நின்றதும் காது ‘எதிர்ப்பக்கம் சுற்றுகிறது’ என்று சொல்லும். இந்த முரண்பாடு நீடிக்க நீடிக்கத்தான் குமட்டல் வளர்கிறது. சுற்றும்போது தலையைச் சாய்த்தால் இன்னும் மோசம். ஒரு குழாய் அடங்கிக்கொண்டிருக்கும்போது இன்னொரு குழாய் புதிதாகக் கிளம்பும், மூளைக்கு எந்தத் திசையும் பிடிபடாது. சுற்றும் ராட்டினத்தில் பக்கத்தில் இருப்பவரோடு பேசத் தலையைத் திருப்புகிறவர்தான் முதலில் வெளிறிப்போவார். உள்காதின் இந்தப் பகுதி முற்றிலும் வேலை செய்யாதவர்களுக்குப் பயணக் குமட்டல் வருவதே இல்லை என்பதிலிருந்தே எல்லாம் எங்கே தொடங்குகிறது என்று தெரியும்.

இதை வைத்து ராட்டினங்களைப் பிரித்துப் பாருங்கள்.

ரோலர் கோஸ்டர் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அதிலும் முதல் ஏற்றம் மெதுவாகத்தான் போகும். ஒரே திசையில் தொடர்ந்து சுற்றுவது கிடையாது. குமட்டல் திரண்டு வருவதற்குள் வண்டி பிளாட்ஃபாரத்துக்குத் திரும்பிவிடுகிறது. அதனால்தான் பஸ்ஸில் அரை மணி நேரம் தாங்காதவர்கள் பலர் இதைத் தாங்கிவிடுகிறார்கள். மேலிருந்து தொப்பென்று விழும் டிராப் டவரும் அப்படியே: வயிறு மேலே எழும்புவது போன்ற உணர்வு வரும், ஆனால் சுழற்சி இல்லை, விழும் நேரமும் சில நொடிதான். (ஓடும்போதே இருக்கையும் தனியாகச் சுழலும் வகை ரோலர் கோஸ்டர் வேறு. அது உங்களுக்கு வேண்டாம்.)

கொலம்பஸ் என்று பலர் சொல்லும் கப்பல் ஊஞ்சலில் கவனம் தேவை. மனித உடம்புக்கு மிக அதிகமாகக் குமட்டலைக் கொடுப்பது நொடிக்கு 0.2 முறை, அதாவது 5 நொடிக்கு ஒரு தரம் என்ற கணக்கில் வரும் மெதுவான ஆட்டம். கடலில் கப்பல் ஆடும் தாளம் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. பெரிய கப்பல் ஊஞ்சலும் ஒரு முறை போய்த் திரும்ப ஆறேழு நொடி எடுத்துக்கொள்கிறது. ஏறியே ஆக வேண்டுமென்றால் நடு வரிசையில் உட்காருங்கள், ஓரங்களில் ஏற்ற இறக்கம் மிக அதிகம். கோப்பை ராட்டினம், தட்டுப் போலச் சுழன்றபடியே சாய்வது, கை கையாக நீண்டு இரட்டைச் சுழற்சி தருவது இவை எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். சிமுலேட்டரில் முரண்பாடு தலைகீழாக வரும்: கண் பறக்கிறது, உடம்போ இருந்த இடத்திலேயே குலுங்குகிறது. அங்கே தொந்தரவு தொடங்கினால் கண்ணை மூடிக்கொண்டாலே பாதி அடங்கும், ஏனென்றால் குற்றவாளி படம்தான்.

அடுத்தது பயம். பயத்திலும் வயிறு புரளும், வேர்க்கும், வாய் உலரும். உங்களுக்கு வருவது எது என்பதைப் பிரித்தறிய எளிய வழி நேரம்தான். பயத்தால் வரும் குமட்டல் வரிசையில் நிற்கும்போதும் ஏற்றத்தில் வண்டி ஏறும்போதும் உச்சத்தில் இருக்கும், முதல் சரிவு முடிந்ததும் குறையத் தொடங்கும். அசைவால் வரும் குமட்டல் வரிசையில் இருக்காது. சவாரியின் பிற்பாதியில் தொடங்கி, இறங்கிய பிறகு கூடும். அதன் முதல் அடையாளமும் வாந்தி அல்ல: காரணமில்லாத கொட்டாவி, வாயில் எச்சில் ஊறுவது, நெற்றியில் குளிர்ந்த வேர்வை, முகம் வெளுப்பது. வாய் உலர்ந்தால் பெரும்பாலும் பயம், எச்சில் ஊறினால் பெரும்பாலும் அசைவு. வாந்தி வரும் என்று உறுதியாக நம்பிப் போகிறவருக்குக் குமட்டல் கூடுதலாக வருவதும் உண்டு. ஆகவே வரிசையில் நிற்கும்போது தோன்றும் புரட்டலை வைத்து ‘என்னால் முடியாது’ என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஏற விருப்பமே இல்லையென்றால் வாசலிலேயே சொல்லி விலகிக்கொள்ளலாம். மற்றவர்கள் வற்புறுத்தினார்கள் என்பது எந்த ராட்டினத்தில் ஏறுவதற்கும் காரணம் ஆகாது.

மாத்திரையில்தான் அதிகத் தவறு நடக்கிறது. பலர் வீட்டில் இருக்கும் ஒண்டான்செட்ரானைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். வயிற்றுப்போக்கோடு வரும் வாந்திக்கும் கீமோதெரபி வாந்திக்கும் அது நல்ல மருந்து. அசைவுக் குமட்டலுக்கு அது உதவுவதில்லை, இந்தக் குமட்டல் உருவாகும் வழி வேறு என்பதால். அலர்ஜிக்குப் போடும் செட்டிரிசின், ஃபெக்சோஃபெனடின் ஆகியவையும் பயன்படா. தூக்கம் தரும் பழைய வகை அலர்ஜி மருந்துகள் (ஆன்டிஹிஸ்டமின்கள்)தான் இங்கே வேலை செய்யும். பெரியவர்களுக்கான அளவு இது: டைமென்ஹைட்ரினேட் 50 மி.கி., கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, 4 முதல் 6 மணி நேரம் தாங்கும். மெக்லிசின் 25 மி.கி., ஒரு மணி நேரம் முன்பு, நெடுநேரம் தாங்கும். சின்னரிசின் 30 மி.கி., இரண்டு மணி நேரம் முன்பு. புரோமெத்தசின் 25 மி.கி.யும் நன்றாகக் கேட்கும், ஆனால் இந்த நான்கிலும் அதிகம் தூங்க வைப்பது அதுதான். பகல் முழுவதும் நடக்க வேண்டிய நாளுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இவற்றில் ஒன்று போதும், இரண்டைச் சேர்க்கக் கூடாது. அன்று மது கூடாது, வண்டி ஓட்டவும் கூடாது.

வரிசையில் நிற்கும்போது மாத்திரையை விழுங்கிப் பயனில்லை. குமட்டல் தொடங்கிவிட்டால் வயிறு காலியாவதே மெதுவாகிவிடும், விழுங்கியது அங்கேயே கிடக்கும். இன்னொன்று: பூங்காவுக்குப் போகும் நாளில் அந்த மாத்திரையை முதல் முறையாகப் போடாதீர்கள். ஒரு விடுமுறை நாளில் வீட்டில் இருந்தபடி போட்டுப் பாருங்கள், எவ்வளவு தூக்கம் வருகிறது என்று தெரிந்துவிடும்.

உங்கள் ஒற்றைத் தலைவலிக்குத் தினமும் தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அது ஃபுளூனரிசின் என்றால் சின்னரிசின் வேண்டாம், இரண்டும் ஒரே குடும்பம். அமிட்ரிப்டிலின் என்றால் மேலே சொன்ன எந்த மருந்தோடு சேர்ந்தாலும் தூக்கமும் வாய் உலர்வதும் கூடும். உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள். கண்ணில் குறுகிய கோணக் கிளாகோமா (ஒரு வகைக் கண் அழுத்த நோய்) உள்ளவர்கள், புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் கழிக்கச் சிரமப்படுகிறவர்கள், கர்ப்பிணிகள் இந்த மருந்துகளைத் தாங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. குழந்தைகளுக்கு அளவு வேறு. புரோமெத்தசினை 2 வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது.

இஞ்சியும் மணிக்கட்டை அழுத்தும் பட்டையும் சிலருக்கு உதவுவதாகச் சொல்கிறார்கள். சான்று உறுதியாக இல்லை, கெடுதலும் இல்லை. அவற்றை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

மூன்று வாரம் இருப்பது உங்களுக்கு நல்ல வாய்ப்பு. அசைவுக் குமட்டலுக்கு மருந்தைவிட நிலைத்து நிற்பது பழக்கம்தான். தினமும் ஐந்து நிமிடம் ஊஞ்சலில் ஆடுங்கள். குமட்டலின் முதல் அடையாளம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும், பொறுத்துக்கொண்டு ஆடினால் பழக்கத்துக்குப் பதில் வெறுப்புதான் வளரும். நான்கைந்து நாள் கழித்து, சுழலும் நாற்காலியில் கண்ணைத் திறந்தபடி மெதுவாக வலப்பக்கம் ஐந்து சுற்று. கிறுகிறுப்பு முழுவதும் அடங்கியபின் இடப்பக்கம் ஐந்து சுற்று. தலைவலி உள்ள நாளில் இதைச் செய்ய வேண்டாம். இடையில் பல நாள் விட்டால் கிடைத்தது கரைந்துபோகும். எந்த அசைவில் பழகுகிறோமோ அந்த அசைவுக்குத்தான் பழக்கம் அதிகம் உதவும் என்பதால், பூங்காவிலும் சிறிய ரோலர் கோஸ்டரில் ஏறிப் பார்த்துவிட்டுப் பெரியதற்குப் போங்கள்.

அன்று வெறும் வயிற்றோடு போகாதீர்கள். பசி உங்கள் தலைவலியையும் தூண்டும். சவாரிக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பு எண்ணெய் குறைவான, அரை வயிற்று உணவு போதும். தண்ணீரை வாய் வாயாகக் குடித்துக்கொண்டே இருங்கள், கேஸ் நிரம்பிய பானம் வேண்டாம். முந்தின இரவு தூக்கம் கெட்டிருந்தால், மாதவிலக்கையொட்டித் தலைவலி வரும் நாளாக இருந்தால், பெரிய ராட்டினத்தை அன்று விட்டுவிடுங்கள்.

பெரிய ரோலர் கோஸ்டரைக் காலையிலேயே, மற்ற ராட்டினங்களுக்கு முன்பு முடித்துக்கொள்ளுங்கள். குமட்டல் சேர்ந்து சேர்ந்து ஏறும். நான்காவதாக ஏறியதைக் குறை சொல்வார்கள், உண்மையில் முதல் மூன்றும் அதில் சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் குறைந்தது அரை மணி இடைவெளி விடுங்கள். இருக்கையைப் பொறுத்தவரை முன் வரிசைகளில் பாதை தெரியும். அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று மூளை முன்கூட்டியே தயாராகும். வண்டி ஓட்டுகிறவருக்குக் குமட்டல் வராததும் இதனால்தான். கடைசிப் பெட்டி உச்சியில் சட்டென்று இழுக்கப்படும், அது வேண்டாம். உட்கார்ந்ததும் பின்னந்தலையைச் சாய்மானத்தில் அழுத்தி வைத்து, கண்ணைத் திறந்து பாதையைப் பாருங்கள். மூச்சை அடக்காதீர்கள். மெதுவாக, வயிறு எழும்ப இழுத்து, நிதானமாக விடுங்கள். வளையத்தின் அடிப்பகுதியில் பார்வை சாம்பல் நிறமாக மங்கினால் அது குமட்டல் அல்ல, ரத்தம் கால் பக்கம் தள்ளப்படுவது. தொடையையும் வயிற்றையும் இறுக்கினால் தெளியும். நடுவில் வாந்தி வந்தே விட்டால் விழுங்க முயலாமல் முகத்தைக் கீழ்நோக்கித் திருப்பி வெளியே விட்டுவிடுங்கள். இறங்கியபின் நிழலில் தலையை அசைக்காமல் உட்காருங்கள், போனைப் பார்க்காதீர்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தெளிந்துவிடும்.

முற்றிலும் ஏறக் கூடாதவர்கள்: கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், மூளை ரத்தக்குழாயிலோ மகாதமனியிலோ (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) வீக்கம் இருப்பவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சையோ தலையில் அடியோ பட்டவர்கள், கழுத்து, முதுகுத் தண்டுப் பிரச்சினை உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், விழித்திரை விலகல் இருந்தவர்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏற வேண்டாம்.

இறங்கிய மறுநாள் படுக்கையில் புரளும்போது மட்டும் சில நொடி அறையே சுற்றினால், உள்காதில் இருக்கும் கால்சியம் துகள் இடம் மாறியிருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பும் பயிற்சியால் அதைச் சரிசெய்துவிடுவார். தலைவலி விஷயத்தில்தான் நீங்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வழக்கமான ஒற்றைத் தலைவலி உங்களுக்குத் தெரியும்: எந்தப் பக்கம் தொடங்கும், எப்படி வளரும் என்று. அப்படி இல்லாமல் திடீரென்று வெடிப்பது போன்ற வலி, கழுத்தின் ஒரு பக்கத்தில் புதிதாக வந்த வலி, பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒரு கை அல்லது கால் பலவீனம், நடையில் தள்ளாட்டம் இவற்றில் ஏதாவது வந்தால் ‘எனக்கு எப்போதும் வரும் தலைவலிதான்’ என்று மாத்திரை போட்டுப் படுக்காமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிவதும் மூளையைச் சுற்றி ரத்தம் கசிவதும் மிக அபூர்வம், ஆனாலும் இத்தகைய சவாரிக்குப் பிறகு நேர்ந்ததாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. சில சமயம் அவை சில நாள், சில வாரம் கழித்துத்தான் வெளிப்படும். போகிற மருத்துவரிடம் ரோலர் கோஸ்டரில் ஏறியதையும் ஏறிய தேதியையும் மறக்காமல் சொல்லுங்கள்.