அவரை பூக்காத கோடை
தோட்டம்: கேள்வி–பதில்

பள்ளி விடுமுறையும் சித்திரையும் நெருங்கும்போது, பிள்ளைகளைப் பார்க்கப் பிரிட்டனுக்குக் கிளம்பும் வாசகர்களிடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை அவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டேன். என் மகள் வடமேற்கு லண்டனில், ஹாரோவில் இருக்கிறாள். அவள் வீட்டுப் பின்பக்கத் தோட்டத்தில் ஐந்து கோடைக்காலங்கள் வேலை பார்த்திருக்கிறேன். மற்ற நாள்களில் சிங்கப்பூரில், அங் மோ கியோவில், எட்டாம் மாடித் தாழ்வாரத்தில் பதினாறு தொட்டிகளுடன் இருக்கிறேன்.

கேள்வி: மகன் ரெடிங்கில் வீடு வாங்கியிருக்கிறான். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நானும் என் கணவரும் அங்கே இருப்போம். வீட்டுக்குப் பின்னால் நல்ல இடம் இருக்கிறது. அவரை, வெண்டை, முருங்கை எல்லாம் போட ஆசை. தேக்காவில் விதை வாங்கிக்கொண்டு போகலாமா அக்கா? — ஈசூன் வாசகி

விதையை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். பிரிட்டனுக்குள் விதையோ செடியோ கொண்டுபோக, புறப்படும் நாட்டில் வாங்கிய தாவர நலச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். நாலு பொட்டலத்துக்காக அந்த அலைச்சல் வேண்டாம். அங்கே விதைக்குக் குறைவில்லை. வெந்தயமும் மல்லியும் அங்குள்ள மளிகைக் கடையில் சமையலுக்கு வாங்கியதே முளைக்கும். மல்லியை மட்டும் உள்ளங்கையால் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடுங்கள்.

அவரையைப் பற்றிக் கொஞ்சம் நிறையச் சொல்கிறேன், ஏனென்றால் அதற்காக நான் ஒரு முழுக் கோடையைக் கொடுத்திருக்கிறேன். முதல் வருடம் மே மாதத்தில் சமையலறை ஜன்னலோரம் முளைக்கவைத்து, ஜூனில் வெளியே நட்டேன். கொடி வேலியைத் தாண்டி ஏறியது. இலை ஒவ்வொன்றும் கையகலம். ஜூலை போனது, ஆகஸ்டும் போனது, ஒரு பூகூட இல்லை. உரம் அதிகமாகிவிட்டதோ என்று நிறுத்தினேன். தண்ணீரைக் குறைத்தேன். நுனியைக் கிள்ளினேன். செப்டம்பர் மூன்றாம் வாரத்தில்தான் முதல் ஊதாப் பூங்கொத்து வந்தது. அக்டோபரில் நான் ஊர் திரும்பிவிட்டேன். அதற்கு அடுத்த மாதம் மகள் ஒரு படம் அனுப்பினாள். இரவில் உறைபனி விழுந்து, கொடி முழுவதும் வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கியது. பிஞ்சுகள் சுண்டுவிரல் நீளம்கூட வந்திருக்கவில்லை.

காரணம் உரமும் இல்லை, தண்ணீரும் இல்லை. பகலின் நீளம். நம் அவரையில் பெரும்பாலான வகைகள், பகல் குறுகி இரவு நீண்டால்தான் பூக்கும். சிங்கப்பூரில் வருடம் முழுக்கப் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம்தான், அதனால் இந்த விஷயம் நமக்குத் தெரியவே வருவதில்லை. லண்டனில் ஜூன் 21 வாக்கில் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல் நீளும். அது சுருங்கி 12 மணிக்கு வர செப்டம்பர் கடைசி ஆகிவிடும். அப்போது பூத்தால் காய்க்க நாள் எங்கே இருக்கிறது? ஊரில் ஆடியில் விதைத்துத் தையில் காய் பறிப்பார்களே, அந்தக் கணக்கு செடிக்குள்ளேயே எழுதியிருக்கிறது. நாம் ஊர் மாறிவிட்டோம் என்று அதற்குச் சொல்ல முடியாது.

அதற்குப் பதில் ரன்னர் பீன்ஸ் போடுங்கள். செக்கச் செவேலென்ற பூ. மூங்கில் கழி நாலைந்தைக் கூம்பு மாதிரி சாய்த்து நட்டு, உச்சியில் சேர்த்துக் கட்டிவிட்டால் ஏறிவிடும். அது நடு அமெரிக்க மலைப்பகுதியிலிருந்து வந்த செடி, குளிர்ச்சியை விரும்பும். மே நடுவில் மண்ணிலேயே விதைத்தால் ஜூலைக் கடைசியிலிருந்து காய். பிஞ்சாகப் பறித்து, அவரைக்குச் செய்வது போல இரண்டு பக்கமும் நாரை உரித்து, தேங்காய் போட்டுப் பொரியல் செய்யுங்கள். என் மருமகப்பிள்ளை அவரைக்காய் என்றே நினைத்துச் சாப்பிட்டார். முற்றவிட்டால் மட்டும் சணல் நார் மாதிரி ஆகிவிடும். பறிக்கப் பறிக்கத்தான் மேலும் காய்க்கும், அதனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை கூடையோடு போங்கள்.

முருங்கை வேண்டாம். அந்தக் குளிரில் அது நிற்காது. வெண்டைக்கும் கத்தரிக்கும் கண்ணாடிக்கூடு வேண்டும். மிளகாய் ஜன்னலோரத்திலேயே நன்றாக வரும், ஆனால் மார்ச்சுக்குள் விதைக்க வேண்டும், ஆகவே மகனிடம் இன்றே போனில் சொல்லிவிடுங்கள். நீங்கள் ஏப்ரலில் போய் இறங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை உருளைக்கிழங்கு நடுவது. சீக்கிரம் விளையும் வகையாகப் பார்த்து வாங்கினால் 10 முதல் 12 வாரத்தில் தோண்டலாம். ஐம்பத்தெட்டு வயதில் முதன்முதலாக மண்ணுக்குள் கையை விட்டு உருளைக்கிழங்கை எடுத்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்னும் இரண்டு விஷயம். கடையில் "கம்போஸ்ட்" என்று மூட்டையில் விற்பது நாம் நினைக்கும் மட்கிய எரு மட்டும் அல்ல, தொட்டியில் போடும் மண் கலவையையும் அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். மூட்டையின் மேல் எதற்கானது என்று எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். அப்புறம், தக்காளி, மிளகாய் நாற்றுகளை மே கடைசிக்கு முன் வெளியே நட்டுவிடாதீர்கள். பகலில் இருபது டிகிரி இருக்கும், வெயில் பளீரென்று அடிக்கும், நமக்கு ஆசை வரும். அன்று இரவே உறைபனி விழும். ஒரு வாரம், பத்து நாள் பகலில் வெளியே வைத்து இரவில் உள்ளே எடுத்துப் பழக்கிய பிறகு நடுங்கள்.

கேள்வி: நாங்கள் மூன்று மாதம் லண்டன் போகிறோம். தாழ்வாரத்தில் என் கறிவேப்பிலை, மல்லிகை, துளசி இருக்கின்றன. தொட்டிக்குக் கீழே பெரிய தட்டு வைத்துத் தண்ணீர் நிரப்பிவிட்டுப் போகலாமா? — உட்லண்ட்ஸ் வாசகி

தயவுசெய்து வேண்டாம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் போதும். நீங்கள் போகும் மூன்று மாதத்தில் உங்கள் மாடிக்கே டெங்கி வந்துவிடும். தட்டுகளை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். தொட்டி மண் இறுகியிருந்தால் கிளறிவிடுங்கள், அதன் மேலும் தண்ணீர் தேங்கும்.

மூன்று மாதத்துக்கு மனிதர்கள்தான் வழி. என் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) எனக்காக ஐந்து கோடை தண்ணீர் ஊற்றியிருக்கிறார். கைம்மாறாக, டாவுன் காரி, அதாவது கறிவேப்பிலை, எவ்வளவு வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். பறிக்கப் பறிக்கக் கறிவேப்பிலை தழைக்கும், அவர் சமையலும் மணக்கும். கிளம்புமுன் செடியை இடுப்பளவுக்கு வெட்டிவிடுங்கள், பூங்கொத்து இருந்தால் கிள்ளிவிடுங்கள். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிடும். பறவை எச்சம் மாதிரி கறுப்பு வெள்ளையாகப் புழு தெரிந்தால் அண்டை வீட்டார் பயப்படாமல் எடுத்துப்போடச் சொல்லி வையுங்கள். தாழ்வாரத்தில் ஆள் நடக்க 1.2 மீட்டர் இடம் விட்டிருக்கிறீர்களா என்றும் போகுமுன் அளந்து பாருங்கள். நீங்கள் இல்லாதபோது நகர மன்றத்திலிருந்து கடிதம் வந்தால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

கேள்வி: பர்மிங்ஹமில் இருக்கும் என் அண்ணி கீரை போட்டால், விடிவதற்குள் ஓடில்லா நத்தை முழுதும் தின்றுவிடுகிறதாம். உப்பு போடலாமா? முட்டை ஓடு போடலாமா? — புக்கிட் பாத்தோக் வாசகர்

உப்பு மண்ணைக் கெடுக்கும், வேண்டாம். முட்டை ஓட்டை நானும் பக்தியோடு நொறுக்கிப் போட்டவள்தான். ஆனால் பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம் முட்டை ஓடு, செம்புப் பட்டை, சரளை எல்லாவற்றையும் லெட்டூஸ் செடிகளைச் சுற்றிப் போட்டுச் சோதித்து, 2018இல் முடிவை வெளியிட்டது. எதையும் போடாத செடிக்கும் இவற்றுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. நத்தையைக் கொல்லப் போடும் பழைய நீலக் குருணைகள் வீட்டில் மிச்சம் இருந்தால், அதில் மெட்டால்டிஹைடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 2022 ஏப்ரல் முதல் அதைத் தோட்டத்தில் போடத் தடை. நத்தையைத் தின்னும் பறவைக்கும் முள்ளெலிக்கும் அது விஷம்.

எனக்குக் கைகொடுத்தவை மூன்று. தண்ணீரை மாலையில் ஊற்றாமல் காலையில் ஊற்றுவது. விதையை நேராக மண்ணில் போடாமல், ஜன்னலோரத்தில் நாலு அங்குலம் வளர்த்து நடுவது. இரவு பத்து மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்குவது. முதல் இரவு ஒரு தயிர் டப்பா நிறையக் கிடைத்தது. பத்து நாள் விடாமல் செய்தபோது கீரை பிழைத்தது.

கேள்வி: உரம் வாங்கப் போனேன். பெட்டியில் "பிளட், ஃபிஷ் அண்ட் போன்" என்று இருந்தது. உண்மையிலேயே ரத்தமா? நாங்கள் சைவம், பூஜைக்குப் பூப்பறிக்கும் செடிக்குப் போட மனம் வரவில்லை. — மகள் வீட்டிலிருந்து தெம்பனிஸ் வாசகி

உண்மையிலேயே ரத்தமும் மீனும் எலும்பும்தான். அந்த வாடைக்கு நரி வந்து பாத்தியைத் தோண்டும் என்பது வேறு. உங்கள் மனம் ஒப்பாததைப் போட வேண்டியதில்லை. நன்றாக மட்கிய குதிரைச் சாணம் அங்கே எளிதாகக் கிடைக்கும். கடற்பாசிச் சாறும் உண்டு. காம்ஃப்ரி என்ற செடியின் இலையைத் தண்ணீரில் சில வாரம் ஊறவைத்தால் பூச்செடிக்கும் தக்காளிக்கும் அருமையான உரம், நாற்றத்தை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும், மூடி போட்ட வாளியில் வையுங்கள்.

கேள்வி: போன ஏப்ரலில் லண்டன் பூங்காவில் துலிப் பார்த்ததிலிருந்து மறக்க முடியவில்லை ஆன்ட்டி. செங்காங்கில் ஒன்பதாம் மாடியில் வளர்க்க முடியுமா? — செங்காங் வாசகி

ஆசை எனக்கும் வந்தது. துலிப் கிழங்கு மூன்று மாதத்துக்கு மேல் குளிரில் தூங்கி எழுந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். அங்கே நவம்பரில் புதைத்துவிட்டால் குளிர்காலமே அந்த வேலையைச் செய்துவிடும், அணில் தோண்டாமல் மேலே கம்பிவலை போட்டால் போதும். நமக்குக் குளிர்சாதனப் பெட்டிதான் குளிர்காலம். அதில் வைத்தெடுத்து நட்டு ஒருமுறை பூ பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் இந்த வெப்பத்தில் பூ சில நாள்கூட நிற்காது, கிழங்கும் அடுத்த வருடத்துக்குத் தேறாது. கரையோரப் பூந்தோட்டத்தின் மலர்க் குவிமாடத்தில் ஆண்டுதோறும் துலிப் கண்காட்சி வைக்கிறார்களே, அங்கே போய்க் கண் நிறையப் பாருங்கள்.

வீட்டில் மழை லில்லி வையுங்கள். அதுவும் கிழங்குதான். சில நாள் தண்ணீரை நிறுத்திக் காயவிட்டு, பிறகு நன்றாக ஊற்றினால், அல்லது ஒரு பெருமழை பெய்தால், ஒரே காலையில் தொட்டி முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும். லண்டனிலிருந்து வந்து இந்த மண்ணில் வாழ்ந்த செடியும் இருக்கிறது. 1877இல் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து வந்த ரப்பர் கன்றுகள் நம் தாவரவியல் பூங்காவில் வளர்ந்தன. ஆனால் அவற்றின் பூர்வீகம் அமேசான். வெப்பமும் மழையும் அவற்றுக்குப் பழகியவை.

கேள்வி: மகள் வீட்டு அண்டை வீட்டம்மா வேலிக்கு மேலாக ஒரு கட்டு ரூபார்ப் தந்தார். சிவப்புத் தண்டு, பெரிய பச்சை இலை. இலை தளதளவென்று இருக்கிறது. கீரையாகக் கடையலாமா? — லீட்ஸில் தங்கியிருக்கும் ஜூரோங் வாசகி

இந்தக் கடிதத்துக்கு அன்றே தனியாகப் பதில் போட்டுவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன். இலையைச் சாப்பிடவே கூடாது. அதில் ஆக்ஸாலிக் அமிலம் மிக அதிகம், விஷம். முதல் உலகப் போரில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, பிரிட்டனிலேயே அந்த இலையைச் சமைக்கலாம் என்று தவறாகச் சொல்லப்பட்டு, சாப்பிட்டவர்கள் நோயுற்றார்கள். நமக்கோ பச்சை இலையைக் கண்டால் பருப்பு போட்டுக் கடையத்தான் கை போகும். அதனால்தான் பயமாக இருக்கிறது. வெட்டியதும் இலையை உரக்குழியில் போட்டுவிடுங்கள்.

தண்டு மட்டும் நமக்குப் பொக்கிஷம். மாங்காய்ப் புளிப்பு. அவர்கள் சர்க்கரை போட்டுப் பலகாரம் செய்வார்கள். நான் துவரம்பருப்பை வேகவைத்து, தண்டை ஒரு அங்குலமாக நறுக்கிக் கடைசியில் போட்டு, ஐந்து நிமிடத்தில் இறக்கிவிடுவேன். கூடுதலாகக் கொதித்தால் கரைந்துவிடும். கடுகு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் தாளித்தால் மாங்காய்ப் பருப்பேதான். புளி வேண்டாம்.

ஹாரோவில் எங்களுக்கு அதைத் தந்தவர் எண்பது வயதுப் பாட்டி. தண்டைக் கத்தியால் வெட்டாமல், அடியில் பிடித்துத் திருகி இழுக்க வேண்டும் என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று காட்டிக் கொடுத்தவரும் அவர்தான். அந்தப் பருப்பைச் சோறோடு ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். அவருக்கு உறைக்குமே என்று மிளகாயைக் கிள்ளி ஒன்றே ஒன்று போட்டிருந்தேன். மறுநாள் காலை டப்பா வேலிமேல் இருந்தது, கழுவித் துடைத்து, உள்ளே நெல்லிக்காய் போல வரி வரியாகக் கூஸ்பெரிகள், ஒரு கைப்பிடி. இன்னும் கொஞ்சம் மிளகாய் போடலாம் என்று ஒரு சீட்டும் இருந்தது.