வீல்சேர் டென்னிஸ்: தென்னாப்பிரிக்கா டர்பன் நகரத்து அக்கா பதில் சொல்றாங்க

கோவிந்தன், சாட்ஸ்வொர்த்: அக்கா, பந்து ரெண்டு தடவ குதிக்கலாம்னா ஆட்டம் ஈஸி தானே?

எல்லாரும் மொதல்ல இதத்தான் கேக்குறீங்க. மொத பவுன்ஸ் கோர்ட்டுக்குள்ள விழணும், ரெண்டாவது வெளியகூட விழலாம், அவ்ளோதான் சலுகை. கோர்ட், நெட், பந்து எல்லாம் அதேதான். ரெண்டாவது பவுன்ஸுக்கு காத்திருந்தா பந்து முட்டிக்கு கீழ வரும், நீங்க கோர்ட்டோட பின்கோடான பேஸ்லைனுக்கு ரொம்ப பின்னாடி போயிருப்பீங்க, எதிராளி அதுக்குள்ள ஜம்முனு ரெடியாயிடுவான். அதனால நல்ல ஆளுங்க முடிஞ்சா ஒரே பவுன்ஸ்ல அடிச்சிடுவாங்க. கஷ்டம் எங்கன்னா, ராக்கெட் பிடிச்ச அதே கையாலதான் வீல் ரிம்மயும் தள்ளணும், அடிச்சிட்டு நின்னுட்டா போச்சு, நின்ன சேர மறுபடி கெளப்பறதுக்குள்ள பாயிண்ட் முடிஞ்சிரும்.

பிரேம், டோங்காட்: ஆஸ்பத்திரி சேர்லயே ஆடலாமா?

வேணாம்! டென்னிஸ் சேர்ல சக்கரம் ரெண்டும் கீழ விரிஞ்சி சாய்ஞ்சிருக்கும், அதனாலதான் சட்டுனு திரும்பினாலும் கவுறாது, பின்னாடி சின்ன வீல் வேற தாங்கும், இடுப்புக்கு பெல்ட். ஆஸ்பத்திரி சேர்ல வேகமா திரும்பினா ஆளோட கவுந்துரும்.

சரஸ், பீனிக்ஸ்: தம்பிக்கு கையிலயும் பலம் கம்மி, சேரலாமா அக்கா?

தாராளமா. குவாட்னு தனிப் பிரிவே இருக்கு, கையும் பாதிக்கப்பட்டவங்களுக்கு. ராக்கெட்ட கையோட டேப் போட்டு கட்டிக்கலாம். நம்ம குவாசுலு-நடால் மாகாணத்துக்காரர் லூகாஸ் சித்தோலே ரெண்டு காலும் வலது கையில பாதியும் இல்லாம இடது கையால ஆடி 2013ல யுஎஸ் ஓப்பன் குவாட் சிங்கிள்ஸ் ஜெயிச்சார். ஒண்ணு மட்டும்: முதுகெலும்பு மேல்பக்கம் அடிபட்டிருந்தா சிலருக்கு சரியா வேர்க்காது, டர்பன் வெயில்ல உடம்பு சூடேறிரும். தண்ணி ஸ்ப்ரே, ஈரத் துண்டு வெச்சுக்கோ, டாக்டர்ட்ட கேட்டுட்டு ஆரம்பி.

ரமணி, மாரிட்ஸ்பர்க்: வீட்ல சும்மா கெடக்குற சேர்ல ஆடிப் பாக்கலாமா?

மேல பிரேமுக்கு சொன்னத படிங்கம்மா.

கோவிந்தன்: சேர் இல்லாம நின்னு ஆடறவங்க கூட ஆடுனா அவங்களுக்கும் ரெண்டு பவுன்ஸா? அது நியாயமே இல்லையே.

அவங்களுக்கு ஒண்ணுதான் தம்பி, சேர்ல இருக்கறவங்களுக்கு ரெண்டு.

சரஸ்: கோவிந்தா, நீ ஒரு நாள் சேர்ல உக்காந்து ராக்கெட்டோட தள்ளிப் பாரு, அப்புறம் நியாயம் பேசு.

கோவிந்தன்: நான் கேக்கறது பொதுவா, அக்கா...

பொதுவா கேட்டது போதும். 2018ல விம்பிள்டன் ஆடின நம்ம நாட்டு மொத கறுப்பினப் பொண்ணு கொத்தாட்ஸோ மான்ஜானே, சேர்ல ஆடறவங்கதான். 2021ல அங்க சிங்கிள்ஸ் ஃபைனலும் போனாங்க, அந்தப் புல்லு கோர்ட்ல சேர் தள்றதே பெரிய பாடு. அந்த மேட்ச் வீடியோவ பாத்துட்டு வா, ஈஸியான்னு அப்புறம் பேசலாம்.

முனியம்மா, ஸ்டேங்கர்: எந்த ஆஸ்பத்திரி சேர் ஆடறதுக்கு நல்லது?

எதுவுமே இல்ல!