குனிந்த தலைகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஊடகவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. விடுதியில் தங்கிப் படிக்கிறேன். சென்ற மாதம் வகுப்பில் ‘சமூக வலைத்தளங்களும் இளைய தலைமுறையும்’ என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். ஒரே இரவில் எழுதிவிட்டேன். ‘உள்ளங்கைத் திரைக்குள் சிறைப்பட்ட தலைமுறை’, ‘ஆயிரம் நண்பர்கள் இருந்தும் சாய்ந்து அழ ஒரு தோள் இல்லை’ என்றெல்லாம் வரிகள் வந்து விழுந்தன. வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான். ஆண்டு மலரில் போடப்போகிறார்களாம்.

ஆனால் உறுத்துகிறது. அதை எழுதிய அதே இரவு, காய்ச்சலில் கிடந்த ஒரு தோழிக்கு, விட்டுப்போன பாடங்களை வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்பிக்கொண்டிருந்தோம். மொத்தம் ஏழு பேர், ஆளுக்கொரு பாடம். என் பங்கை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்துதான் ‘சாய்ந்து அழ ஒரு தோள் இல்லை’ என்று எழுதினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் நான்கு பேர் விடுதி மொட்டைமாடியில் சிரிப்பது போல ஒரு படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தேன். அதை எடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் எங்களுக்குள் பெரிய சண்டை. ஒருத்தி அழுதிருந்தாள். அவள் கண் சிவந்திருந்தது தெரியக் கூடாது என்று படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றினேன். பதினேழு படம் எடுத்து அந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். இரண்டு நாள் கழித்து முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி, ‘அக்கா, உங்க செட்டைப் பார்த்தா பொறாமையா இருக்கு. எனக்கு இப்படி யாருமே இல்ல’ என்று அனுப்பியிருந்தாள்.

பத்திரிகையும் தொலைக்காட்சியும் எங்களைக் காட்டும் விதம் பொய் என்று உங்களுக்கு எழுதத் தொடங்கினேன். எழுதும்போதே, நானும் அதைத்தானே செய்கிறேன் என்று தோன்றிவிட்டது. என் கட்டுரை பொய்யா? என் படம் பொய்யா?

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் கட்டுரையிலிருந்து நீங்கள் எடுத்துக் கொடுத்திருக்கும் இரண்டு வரிகளையும் நான் முன்பே படித்திருக்கிறேன். உங்கள் கட்டுரையில் படிக்கவில்லை, இருபது கட்டுரைகளில் படித்திருக்கிறேன். கண் சிவந்தது தெரியாமலிருக்கக் கருப்பு வெள்ளையாக மாற்றினேன் என்ற வரியை இதற்குமுன் எங்கும் படித்ததில்லை. மதிப்பெண் முந்தையதற்குக் கிடைத்திருக்கிறது. போகட்டும், மதிப்பெண் போடுபவர்களும் அந்த இருபது கட்டுரைகளைப் படித்தவர்கள்தானே.

எனக்கும் இதில் ஒரு பழைய கணக்கு உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வார இதழில் பக்கம் தயாரிக்கும் வேலையில் இருந்தேன். இளைஞர்களும் செல்பேசியும் என்று ஒரு சிறப்புப் பகுதி. புகைப்படக்காரர் கொண்டுவந்த படத்தில் மூன்று பையன்கள் ஒரே செல்பேசிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சிரிப்பு தாங்காமல் பக்கத்தில் இருந்தவன் முதுகில் அறைந்துகொண்டிருந்தான். பொறுப்பாசிரியர் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா கட்டுரைக்கு ஒத்துவரலையே” என்றார்.

மறுநாள் இன்னொரு படம் வந்தது. அதே மூன்று பையன்கள். நீளமான பெஞ்சில் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு செல்பேசி, மூன்று தலையும் குனிந்திருந்தது. அவர்களில் ஒருவனிடம் செல்பேசியே கிடையாதாம். புகைப்படக்காரர் தன்னுடையதைக் கொடுத்து உட்காரவைத்திருக்கிறார். உற்றுப் பார்த்தால் அதன் திரை அணைந்து கிடப்பது தெரியும். அணைந்த திரையை அந்தப் பையன் அவ்வளவு சோகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான்! படத்துக்கு மேலே ‘தனித்தனித் தீவுகள்’ என்று தலைப்புப் போட்டார்கள். போட்டது வேறு யாருமில்லை, நான்தான். அன்றைக்கு எனக்கு உறுத்தவில்லை. நல்ல தலைப்பு என்றுதான் நினைத்தேன்.

ஆகவே, பத்திரிகைக்காரர்கள் உங்களைப் பற்றிப் பொய் சொல்கிறார்கள் என்று நான் சேர்ந்து கூவ முடியாது. நீங்கள் மொட்டைமாடியில் பதினேழிலிருந்து ஒன்றை எடுத்தீர்கள், நாங்கள் இரண்டிலிருந்து ஒன்றை எடுத்தோம். அந்தப் படத்தில் நீங்கள் சிரித்தது நிஜம், சண்டைக்குப் பின் வரும் சிரிப்புக்கு ஒரு தனி நிம்மதி கூட உண்டு. பெஞ்சில் உட்கார்ந்து செல்பேசி பார்க்கும் பையன்களும் உலகத்தில் இல்லாமல் இல்லை. பொய் என்ற சொல் இரண்டுக்குமே சரியாகப் பொருந்தவில்லை. எதை வைத்துக்கொண்டோம், எதை விட்டோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

உங்களுக்கு எழுதிய முதலாமாண்டுப் பெண்ணிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். ‘எனக்கு யாருமே இல்ல’ என்று அவளுக்கு ஏன் தோன்றுகிறது? உங்கள் படம் அழகாக இருந்ததால் மட்டுமில்லை. எல்லாரும் எந்த வடிகட்டியும் போடாமல், உள்ளது உள்ளபடி படம் போட்டாலும் அவளுக்கு அப்படித் தோன்ற வாய்ப்பு அதிகம். 1991-ல் ஸ்காட் ஃபெல்ட் என்ற சமூகவியலாளர் இதைக் கணக்காகவே காட்டினார். பெரும்பாலானவர்களுக்கு, தங்களைவிடத் தங்கள் நண்பர்களுக்கே நண்பர்கள் அதிகம் என்பது அவர் கண்டது. முதலில் கேட்டபோது எனக்கு ஏதோ வார்த்தை விளையாட்டாகத்தான் பட்டது. தாளில் போட்டுப் பார்த்தபிறகு ஒப்புக்கொண்டேன்.

ஐந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒருத்தி எல்லாரோடும் பழகுபவள், அவளுக்கு நான்கு நண்பர்கள். மற்ற நால்வருக்கும் அவள் ஒருத்திதான் தோழி. இப்போது அந்த நால்வரும் தலையைத் தூக்கித் தங்கள் தோழியைப் பார்க்கிறார்கள். ‘எனக்கு ஒன்று, அவளுக்கு நான்கு.’ ஐந்தில் நான்கு பேர் தங்களைக் குறைவாக நினைத்துக்கொள்ள, யாரும் யாரையும் ஏமாற்ற வேண்டியிருக்கவில்லை. நிறைய நண்பர்கள் உள்ளவர் நிறையப் பேருடைய பட்டியலில் இருப்பார், அதனால் நிறையப் பேர் கண்ணில் படுவார். ஒருவரோடும் ஒட்டாமல் அறையில் கிடப்பவர் யார் பட்டியலிலும் இல்லை, யார் கண்ணிலும் படுவதில்லை. 2011-ல் ஃபேஸ்புக்கின் 72 கோடிப் பயனர்களின் தொடர்புகளை எடுத்து ஆராய்ந்தபோதும் இதுவேதான் வந்தது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல், தங்கள் நண்பர்களின் சராசரியைவிடக் குறைந்த நண்பர்கள் உள்ளவர்களாகத்தான் இருந்தார்கள்.

இதற்கு மேல் ஒரு சுற்று உண்டு. அடிக்கடி படம் போடுபவர் அடிக்கடி தெரிவார். யாருடைய படத்துக்கு அதிக விருப்பம் விழுகிறதோ அவரைச் செயலி இன்னும் மேலே தூக்கி வைக்கும். அந்தப் பெண் இரவில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது தன் வகுப்பை என்று நினைத்துக்கொள்கிறாள். அவள் பார்ப்பது வகுப்பின் ஒரு ஓரத்தை. அவளைப் போலவே அறையில் படுத்துத் தள்ளிக்கொண்டிருக்கும் மற்ற பெண்களை அது ஒருபோதும் காட்டாது. காட்டவும் முடியாது, அவர்கள்தான் ஒன்றும் போடுவதில்லையே.

இனி உங்கள் கட்டுரை. அதில் ‘நாம்’ என்று எழுதியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். ‘நாம் தொலைந்துபோய்விட்டோம்’ என்கிற நாம். ஆனால் எழுதும்போது உங்கள் மனதில் இருந்தது நீங்களோ அந்த ஏழு பேரோ இல்லை, வேறு யாரோ. டபிள்யூ. பிலிப்ஸ் டேவிசன் என்பவர் 1983-ல் இதற்கு ‘மூன்றாமவர் விளைவு’ என்று பெயர் வைத்தார். ஊடகம் மற்றவர்களைக் கெடுத்துவிடும், என்னை அவ்வளவாகக் கெடுக்காது என்று ஒவ்வொருவரும் நினைப்பது. பாடத்தில் இது உங்களுக்கு வந்திருக்கலாம், வராவிட்டால் வரும். தேர்வில் அதற்கு விளக்கம் எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டு, வெளியே வந்ததும் ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள்’ என்று ஆரம்பிக்கும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவரை தினமும் காலையில் கண்ணாடியிலும்.

சரி, ஊடகங்கள் சொல்வதில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. சொல்லும்போது ஒரு துண்டு கழன்று விழுந்துவிடுகிறது. 2021-ல், இன்ஸ்டாகிராமையும் தன் கையில் வைத்திருந்த ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்களை அங்கே வேலைபார்த்த ஃபிரான்சஸ் ஹௌகன் வெளியே கொண்டுவந்தார். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் என்ற அமெரிக்க நாளிதழ் அவற்றைத் தொடராக வெளியிட்டது. அதில் எல்லாரையும் உலுக்கிய எண் 32 சதவீதம். தங்கள் உடலைப் பற்றி மோசமாக உணர்ந்த நேரங்களில், இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்கியது என்று பதின்வயதுப் பெண்களில் அத்தனை பேர் சொல்லியிருந்தார்கள். வாய்மாறி வாய்மாறி வருகையில் ‘மோசமாக உணர்ந்த நேரங்களில்’ என்பது உதிர்ந்துபோய், மூன்று பெண்களில் ஒருத்தியை இன்ஸ்டாகிராம் கெடுக்கிறது என்று ஆனது. நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. நாங்கள் கேட்ட 12 பிரச்சினைகளில் உடல் தோற்றம் ஒன்றில்தான் நிலைமை மோசம், மற்ற 11-ல் அப்படி இல்லை என்று பதில் சொன்னது. அதே கத்தரிக்கோல், வெட்டும் பக்கம்தான் வேறு. ஏற்கெனவே காயம்பட்ட பெண்ணிடம் போய் அந்தக் காயத்தைக் கிளறுகிறது என்பது, துண்டு கழலாத முழு வாக்கியத்திலேயே இருக்கிறது. எனக்கு அதுவே போதுமான குற்றச்சாட்டாகப் படுகிறது. அதை ஊதிப் பெரிதாக்க வேண்டிய அவசியமும் இல்லை, பதினொன்றுக்குப் பின்னால் ஒளிக்க வேண்டியதும் இல்லை.

எதிர்ப்பக்கமும் இப்படித்தான் நடந்தது. 2019-ல் ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 3,55,358 பதின்வயதினரின் தரவுகளை அலசினார்கள். டிஜிட்டல் கருவிகளின் பயன்பாட்டைக் கொண்டு அவர்களில் ஒருவருக்கொருவர் இருந்த மனநல வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் விளக்க முடிகிறது என்றார்கள். மூக்குக்கண்ணாடி அணிவதற்கு இருந்த எதிர்மறைத் தொடர்பு அதைவிட அதிகமாம். உருளைக்கிழங்கு சாப்பிடுவதன் தொடர்பு கிட்டத்தட்ட அதே அளவாம். செய்தியாளர்களுக்குக் கிழங்கு கிடைத்ததும் கேட்க வேண்டுமா, செல்பேசியும் கிழங்கும் ஒன்று என்றே எழுதிவிட்டார்கள். மூன்றரை லட்சம் பேரின் சராசரியில் உங்கள் முதலாமாண்டுப் பெண்ணின் அந்த ஓர் இரவு எங்கே தெரியப்போகிறது?

தொலைக்காட்சி உங்களைத் தவறாகக் காட்டுவதைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். ஊசியைப் பார்த்துச் சல்லடை சிரித்த கதை. பிஜித் தீவுகளின் நத்ரோகா பகுதிக்கு 1995-ல்தான் தொலைக்காட்சி வந்தது. வந்த சில வாரங்களிலும், பிறகு 1998-லும் அங்குள்ள பள்ளி மாணவிகளிடம் ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் ஆய்வு செய்தார். உணவுப் பழக்கம் குலைந்திருப்பதற்கான அறிகுறி காட்டியவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 ஆகியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான், ஒவ்வொரு முறையும் அறுபத்துச் சொச்சம் பெண்கள். ஆனாலும் அப்போது இன்ஸ்டாகிராமும் இல்லை, பின்னாளில் அதை உருவாக்கியவர்கள் பள்ளிக்கூடமே தாண்டியிருக்க மாட்டார்கள்.

கட்டுரை பொய்யா என்று கேட்டீர்கள். கடன் வாங்கிய கட்டுரை என்று சொல்வேன். அதைத் திரும்பப் பெற்று நாடகம் எதுவும் போட வேண்டாம். ஆண்டு மலர் அச்சுக்குப் போக நாள் இருந்தால், அந்த இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டு, காய்ச்சல்காரத் தோழிக்கு ஏழு பேர் பாடம் அனுப்பியதையும் மொட்டைமாடிப் படத்தையும் அங்கே வையுங்கள். இரண்டையும் சேர்த்தே வையுங்கள், ஒன்றை மட்டும் வைத்தால் மறுபடி பதினேழில் ஒன்று கதைதான். அழுத தோழியிடம் முதலில் கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், கட்டுரை கொஞ்சம் மெலியும், பரவாயில்லை. மதிப்பெண்ணுக்கு நான் பொறுப்பில்லை.

கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். அந்த முதலாமாண்டுப் பெண்ணுக்கு நீங்கள் பதில் போட்டீர்களா என்பது மட்டும் அதில் இல்லை.