சர்வர் விட்டுவிட்டு அறுந்தால் முதலில் கேபிளைப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை அலுவலகத்தில் பத்து ஆண்டுப் பழைய சர்வர் (மற்ற கணினிகள் இணையும் பொதுக் கணினி) நாளுக்கு நான்கைந்து முறை நெட்வொர்க்கிலிருந்து காணாமல் போய்த் தானாகவே திரும்புகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்பட்டுப் புதிய சர்வருக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். ஆனால் இன்றே கணக்குத் தரவைப் பேக்கப் எடுத்துவிடுங்கள். அது தள்ளிப்போடக்கூடாத வேலை.

ஒரே கணினியில் இரண்டு பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) ஓடவிடுங்கள்: ஒன்று சர்வருக்கு, மற்றொன்று ரூட்டருக்கு. இரண்டும் அறுந்தால் அந்தக் கணினியின் கேபிளோ ஸ்விட்சோ (கேபிள்களை இணைக்கும் பெட்டி) காரணம். சர்வர் மட்டும் அறுந்தால், அறுந்த அந்த நொடியில் 'ஏஆர்பி -ஏ' (arp -a) கட்டளை கொடுத்து சர்வரின் ஐபிக்கு (நெட்வொர்க்கில் அதன் எண் முகவரி) நேரே உள்ள மேக் முகவரியை, அதாவது கருவியின் நெட்வொர்க் அடையாள எண்ணை, பாருங்கள்; ஒப்பிட, சரியாக ஓடும்போதே அதைக் குறித்துவையுங்கள். அது மாறியிருந்தால் வேறு ஏதோ கருவி, பெரும்பாலும் புதிதாக மாட்டிய பிரிண்டரோ கேமராவோ, அதே ஐபியை எடுத்துக்கொண்டிருக்கிறது.

மேக் முகவரி மாறவில்லையா? சர்வரின் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். கிகாபிட்டுக்கு (1000 மெகாபிட் வேகம்) கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும்; 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். எனவே வேகம் 1000-லிருந்து 100-க்கு இறங்கியிருந்தால் கேபிளில் ஒரு ஜோடி பழுதாகியிருக்கலாம். என் அனுபவத்தில் முனையிலுள்ள பிளக்கே அதிகம் கெடுகிறது. வேறு கேபிள், ஸ்விட்சில் வேறு போர்ட் என ஒவ்வொன்றாக மாற்றுங்கள். கேபிளை ஆலை மோட்டார்களின் மின்கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தால் கட்டாயம் பிரித்துவிடுங்கள்.

பிங் முடிவுகளை நேரத்தோடு இங்கே இடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.